மாமனார் நிற்க மாற்றிய கியர் ஆயில்

எங்கெல்லாம் நாலு பேர் வேலை செய்கிறார்களோ, அங்கெல்லாம் ஐந்தாவதாக ஒருவர் வேலை செய்யாமல் நின்றுகொண்டிருப்பார். அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி உட்கார்ந்துவிடுவான், இடம் கிடைத்தால் படுத்தும் விடுவான். இவர் உட்கார மாட்டார். நாற்காலி கொண்டுவந்து போட்டாலும் ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிலில் நிற்பார், தூறலில் நிற்பார், வேலை செய்கிறவனே இடுப்பு விட்டுப்போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய பிறகும் அந்தப் பாதி வேலைக்குக் காவலாக நிற்பார். மனித இனத்தில் இவர்கள் ஒரு தனிப் பிரிவு. படித்தவர்கள் யாரும் இன்னும் பெயர் வைக்காததால் நாமே வைத்துவிடலாம். நிற்பவர்.

நிற்பவரை அடையாளம் கண்டுகொள்வது ஒன்றும் கடினமில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, வேலை செய்கிறவனுக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ மிகச் சரியாக அந்தப் பக்கத்தில் போய் நின்று, முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே பேசாமல் மூக்கால் மட்டும் கொஞ்சம் காற்றை விட்டுக்கொண்டிருப்பவர் யாரோ, அவர்தான். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம்? என்னைக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டாய் அல்லவா என்று அர்த்தம். ஆறாவது நிமிடம் வாய் திறக்கும். ‘நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க’ என்பதுதான் முதல் வாக்கியம். நினைக்காமல் இருக்க முடியுமா? முடியாது. முகத்தில் காட்டாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

நீங்கள் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது எங்கிருந்தோ முளைத்து, ‘வரலாம், வரலாம், இன்னும் வரலாம்’ என்று கையை வீசியவர் இவர்தான். அப்புறம் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு ‘போதும்’ என்றார். மன்னிப்புக் கேட்டாரா? அவர் ஏன் கேட்கிறார்? ‘நான் போதும்னு சொல்றதுக்குள்ள வந்துட்டீங்களே’ என்று உங்களைத்தான் கடிந்துகொண்டார். சுவரில் படம் மாட்டும்போது ‘இடது பக்கம் ஒரு நூல்’ என்றவரும், குழாய் மாற்ற வந்தவரிடம் ‘இதுக்கு இந்த ஸ்பானர் ஆகாதே’ என்றவரும், ஊசி போடும் நர்சிடம் ‘இன்னும் கொஞ்சம் மேல’ என்றவரும் ஒரே குடும்பம்தான். அவர்கள் கையில் ஒரு கீறல் இருக்காது. நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.

இப்போது நம்முடைய ஆளுக்கு வருவோம்.

அந்தப் படகுப் பட்டறையில் அவருக்கு ‘மேற்பார்வை’ என்று பெயர். அவருக்குத் தெரியாது. காலையில் பட்டறைக் கேட்டருகே அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தவுடன் பெயிண்டர், ‘மேற்பார்வை வருதுப்பா’ என்று குரல் கொடுப்பார். ஆளாளுக்குக் கையிலிருக்கும் வேலையைத் துரிதப்படுத்துவார்கள் அல்லது முழுக்க நிறுத்திவிடுவார்கள். தன்னைக் கண்டதும் பட்டறையே சுறுசுறுப்பாகிவிடுகிறது என்று அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவர் குடிநீர் வாரியத்தில் கோப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு குழாயையும் அவர் கையால் திருகியதில்லை. ஆனால் அந்த ஊரில் பதிக்கப்பட்ட ஒவ்வொரு குழாயும் முதலில் காகிதமாக அவர் மேஜைக்கு வந்து, ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதி ஒரு குட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மண்ணுக்குள் போனது. ஒன்பது மாதம் முன்பு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு பார்க்கச் சொல்லி யாரும் எதையும் அவரிடம் நீட்டவில்லை. மின்கட்டண ரசீதைக்கூட மகள் கைபேசியிலேயே முடித்துவிடுகிறாள். முப்பத்தொரு வருடம் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? மகள் வீட்டு மாடிக்குக் குடிவந்த மறுவாரமே, பத்து நிமிட நடையில் ஒரு படகுப் பட்டறை இருப்பதையும், அங்கே நாள் முழுக்கப் பார்ப்பதற்கு ஆயிரம் இருப்பதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் படகும் அங்கேதான் நின்றது.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இருபது வருடம் படகு ஓட்டியவர். கை நிறையத் தொழில் தெரியும், வாய் நிறையப் பேசத் தெரியாது. அவர் ஒரே ஒரு தடவை மாமனாரை எதிர்த்துப் பேசியிருக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகியபோது மாமனார் பின்னால் நின்று யோசனை சொல்ல, ‘எனக்குத் தெரியும் மாமா’ என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சொன்னார். மாமனார் மூன்று நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ‘பசிக்கலை’ என்றார். நான்காம் நாள் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்து, ‘அவருக்கு மனசு சரியில்லை மாப்பிள்ளை’ என்றார். அன்றிலிருந்து மாப்பிள்ளை எதற்கும் ‘சரிங்க மாமா’தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில படகுகளில் இஞ்சின் உள்ளேயே இருக்கும். அதன் கால் மட்டும் பின்பக்கச் சுவரைத் தாண்டி வெளியே தண்ணீரில் தொங்கும். அந்தக் காலின் நுனியில் சுழலும் விசிறிதான் படகைத் தள்ளுகிறது. ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். காலுக்குள்ளே பல்லோடு பல் கடித்துச் சுற்றும் சக்கரங்கள் உண்டு. அவை எப்போதும் எண்ணெயில் மூழ்கிக் கிடக்க வேண்டும். அந்த எண்ணெய்தான் கியர் ஆயில். வருடத்துக்கு ஒரு தடவை பழையதை வடித்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். காலின் அடியில் ஒரு துளை, மேலே ஒரு துளை, இரண்டுக்கும் ஒவ்வொரு திருகு. இரண்டையும் கழற்றினால் பழசு இறங்கிவிடும். புதுசை ஒரு கைப் பம்பால் அடித்துளை வழியாக ஏற்ற வேண்டும். மேல்துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அடியிலிருந்து ஏறினால்தான் உள்ளே இருக்கும் காற்று மேலே போகும். வேலை அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் நிற்காவிட்டால் ஒரு மணி நேரம்.

அன்றைக்கு அந்த ஒரு மணி நேரம் மாப்பிள்ளைக்கு உயிர் போகிற விஷயமாக இருந்தது. எதிர்க்கரைத் தீவில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே வேலை செய்யும் ஏழு ஆசிரியைகளை இத்தனை நாள் ஏற்றிப்போன படகு நடுத்தண்ணீரில் மூன்று தடவை நின்றுவிட்டதால், நாளைக் காலை ஏழு மணியிலிருந்து அந்த வேலை மாப்பிள்ளைக்கு. தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ‘ஒரே ஒரு நாள் நின்னாலும் வேற ஆளைப் பார்த்துக்குவோம்.’ படகைத் தண்ணீரில் இறக்கும் கிரேன் அன்று நாலு மணிவரைதான் பட்டறையில் இருக்கும். விட்டால் அடுத்த வாரம்தான்.

ஆகவே காலையிலேயே மகள் மாடியேறிப் போய்ச் சொன்னாள்.

“அப்பா, இன்னிக்கு ஒரு நாள் பட்டறைப் பக்கம் போகாதீங்க.”

“எனக்கு அங்க என்னம்மா வேலை?” என்றார் அவர்.

இதைவிட உண்மையான ஒரு வாக்கியத்தை அவர் தம் வாழ்நாளில் பேசியதில்லை. பேசிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு காலாற நடக்கப் போனார். கால் பாருங்கள், நேராகப் பட்டறைக்குப் போய்விட்டது. அதற்கு அவர் என்ன செய்வார்?

மாப்பிள்ளை படகின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே ஓர் அகலமான பழைய பேசின். நம்மவர் வந்து வெளிச்சத்தை மறைத்து நின்றார். ஐந்து நிமிடம் மூக்கால் பேசினார். மேல் திருகும் கழன்றதும் பழைய எண்ணெய் கறுப்பாகக் கனமாக இறங்கியது. மாப்பிள்ளை அதை இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, அப்பாடா என்று மூச்சு விட்டார். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் தூள் மினுங்கினால் சக்கரப்பல் தேய்கிறது. இது வெறும் கறுப்பு. படகு நன்றாக இருக்கிறது.

“கறுத்துப்போச்சே!” என்றார் மாமனார், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. “நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. உள்ள என்னவோ கருகியிருக்கு.”

“இல்லீங்க மாமா, பழைய எண்ணெய் இப்படித்தான் இருக்கும்.”

“இப்படித்தான் இருக்கும்னு விட்டா எப்படி? யாராவது விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமில்ல?”

விவரம் தெரிந்தவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். இதற்குள் பெயிண்டர் பிரஷ்ஷோடு வந்துவிட்டார். படகுப் பாய் தைக்கிறவர் வந்துவிட்டார். நிற்பவர் ஒருவர் நின்றால் போதும், சுற்றி நாலு நிற்பவர்கள் தானாக விளைந்துவிடுவார்கள். நல்ல தொழில்காரர்களையும் நிற்பவராக்கிவிடும் தொற்று இது.

எண்ணெய் சொட்டி முடிந்தது. மாப்பிள்ளை பம்பின் குழாயை அடித்துளையில் பொருத்தக் குனிந்தார். மாமனார் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, கோப்பில் தப்புக் கண்டுபிடித்த அன்றைக்கெல்லாம் சிரித்த சிரிப்பு.

“மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?”

“எண்ணெய் ஏத்தறேங்க மாமா.”

“அடியிலேருந்தா?”

“ஆமாங்க.”

“ஏங்க, குடத்துல தண்ணி பிடிக்கிறோம். அடியில ஓட்டை போட்டா பிடிக்கிறோம்? வாய் வழியா சாப்பிடறோம். வேற வழியாவா சாப்பிடறோம்?”

பெயிண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பாய் தைக்கிறவர், ‘பெரியவர் சொல்றதும் ஒரு நியாயந்தானே’ என்றார். நியாயந்தான். உலகத்தில் உள்ள எல்லாப் பாத்திரங்களுக்கும் பொருந்துகிற நியாயம். இந்த ஒன்றுக்குத்தான் பொருந்தாது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சமையலறைக் குழாயும், அந்த மூன்று நாள் ‘பசிக்கலை’யும், மாமியாரின் கண்ணும் வரிசையாக ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டார். கூடவே இன்னொரு யோசனையும் ஓடியது. இவர் சொல்கிறபடி ஊற்றிவிடுவோம்; சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்; போன பிறகு சரியாக ஏற்றிக்கொள்வோம். மருமகன்கள் எல்லாரும் ஒரு நாள் இந்த யோசனைக்கு வந்து சேருகிறார்கள்.

“சரிங்க மாமா.”

அடியை மூடிவிட்டு மேலேயிருந்து ஊற்றினார். எண்ணெய் உள்ளே போக, காற்று வெளியே வர, சின்னத் துளையில் இரண்டுக்கும் வழி இல்லாமல் ‘குளுக் குளுக்’ என்று அடைத்துக்கொண்டது. மூன்று பாட்டில் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பாட்டில் போனதும் விளிம்பில் வழிந்தது.

“பார்த்தீங்களா? நிறைஞ்சு வழியுது!” என்றார் மாமனார்.

“புத்தகத்துல மூணு பாட்டில் போட்டிருக்குங்க மாமா.”

“கம்பெனிக்காரன் வேற எப்படிப் போடுவான்? ஒண்ணு போதும்னு போட்டா மீதி ரெண்டை யார் வாங்குவா?”

மேல் திருகும் மூடப்பட்டது. பாதிக்கு மேல் காற்றை அடைத்துக்கொண்டு டிரைவ் சாதுவாக நின்றது. அப்படியே தண்ணீரில் இறக்கி ஓட்டினால் மேல்சக்கரங்கள் எண்ணெயில்லாமல் சூடேறி, கரகரத்து, ஏழு ஆசிரியைகளோடு நடுத்தண்ணீரில் நின்றுபோகும். மாப்பிள்ளைக்கு அது தெரியும். மாமனார் கிளம்பட்டும் என்று காத்திருந்தார். விசிறியைத் துடைத்தார். துடைத்த விசிறியை மறுபடி துடைத்தார்.

மாமனார் கிளம்பவில்லை.

எப்படிக் கிளம்புவார்? ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேலை முழுக்க முழுக்க அவர் சொன்னபடி நடந்திருக்கிறது. படகு தண்ணீரைத் தொடுகிற வரை நிற்பது என்று முடிவு செய்துவிட்டார். உள்ளுக்குள் ஏதோ பழைய மின்விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்த மாதிரி இருந்தது. இன்று இரவு மனைவியிடம் இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டார்.

“வெயில் ஏறுதுங்க மாமா. வீட்டுக்குப் போய்ப் படுங்களேன்.”

“இருக்கட்டும் மாப்பிள்ளை.”

“பிரஷர் மாத்திரை போடற நேரமாச்சே.”

“பையிலயே வச்சிருக்கேன்.” அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, நின்றபடியே விழுங்கினார். மாப்பிள்ளைக்குத்தான் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று மனம் நெகிழ்ந்தது. பெற்ற பிள்ளைகூட இப்படிக் கேட்பானா? இந்த அன்புக்காகவே இன்னும் இரண்டு மணி நேரம் நிற்கலாம் என்று தோன்றியது.

மணி ஒன்று ஆனது. இரண்டு ஆனது. மாப்பிள்ளை விசிறியை ஏழாவது தடவையாகத் துடைத்தார். கடைசியில் படகின் மறுபக்கம் போய் மனைவிக்குப் போன் போட்டு மெதுவாகச் சொன்னார்: “உங்க அப்பா இன்னும் நிக்கறாரு. நீ உடனே வா.”

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே மனுஷி என்று கடையில் அவளுக்குப் பெயர். சாப்பாட்டு டப்பாவோடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. திறக்காத இரண்டு எண்ணெய்ப் பாட்டில்களைப் பார்த்தாள். பளபளக்கிற விசிறியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிடலாம். கேட்டால் படகு பிழைக்கும். அப்பா மறுபடி மாடிக்குப் போய்ப் ‘பசிக்கலை’ என்பார். அவருடைய முகத்தைப் பார்த்தாள். வியர்த்து, சிவந்து, இத்தனை மாதத்தில் இல்லாத ஒரு களையோடு இருந்தது. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. அதே முகத்தை அப்படியே பிடித்துத் தள்ளிவிடலாம் போலவும் இருந்தது.

படகில் ஏறி, இருக்கைக்கு அடியிலிருந்து பாலித்தீன் பையில் சுற்றிய கையேட்டை எடுத்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினாள்.

“அப்பா, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்.”

பார்த்துக் கொடுங்களேன்! ஒன்பது மாதமாக உலகம் அவரிடம் சொல்ல மறந்துபோன சொல். பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாகவே அவிழ்ந்தன. சட்டைப்பையிலிருந்து கண்ணாடி வந்தது. புத்தகத்தை வாங்கி, கையெட்டும் தூரத்தில் பிடித்து, ஆபீஸில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

“பத்தி நான்கு. கியர் எண்ணெயை எப்போதும் கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல்துளை வழியாக ஊற்றக் கூடாது.”

‘கூடாது’ மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அவர் மறுபடி படித்தார். யார் சொன்னாலும் மறுத்துப் பேசுவார். அனுபவஸ்தன் சொன்னாலும் பேசுவார், பிரம்மா வந்து சொன்னாலும் பேசுவார். ஆனால் அச்சில் வந்து, பக்க எண்ணும் பத்தி எண்ணும் போட்டு, தடித்த எழுத்தில் நிற்கும் ஒரு ‘கூடாது’வை முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறிவிட்டது. அது கோப்புப் பிரிவின் குரல்.

“மாப்பிள்ளை, விதி தெளிவா இருக்கு. கீழ்த்துளை வழியாத்தான் ஏத்தணும்.”

“சரிங்க மாமா!” மாப்பிள்ளை பாய்ந்தார். இந்தச் ‘சரிங்க மாமா’வை மட்டும் அவர் மனதாரச் சொன்னார்.

அப்போதுதான் அது நடந்தது. ஆபீஸில் விதிமீறல் ஒன்று கண்ணில் பட்டால் அடுத்த நொடி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். பழக்க தோஷம், யோசிக்கும் முன்னே வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“ஆமா, மேலேருந்து ஊத்தச் சொன்னது யாரு?”

பெயிண்டரின் பிரஷ் நின்றது. பாய் தைக்கிறவர் தம் செருப்பை ஆராய்ந்தார். பெயிண்டர் வாயைத் திறந்ததும் மகள் ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய்க்குள் ஒரு கொட்டாவியை வரவழைத்துக்கொண்டு மூடிவிட்டார்.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“நான்தாங்க மாமா. அவசரத்துல யோசிக்காம ஊத்திட்டேன்.”

மாமனாருக்குச் சுருக்கென்று தைத்தது. சத்தியமாகத் தைத்தது, நிற்பவர்களுக்கு நெஞ்சு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடமும், வாயும், மூணு பாட்டிலுக்குத் தாம் சொன்ன விளக்கமும் ஒவ்வொன்றாகத் தம் குரலிலேயே காதில் கேட்டன. மாப்பிள்ளையின் மாத்திரை விசாரிப்புக்கு என்ன அர்த்தம் என்பதும் மெல்லப் புரிந்தது. முகம் சூடேறியது. இந்த மனுஷனை நம்பி நாளைக்கு ஏழு பேர் ஏறப் போகிறார்கள், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஓய்வு பெற்ற நாள் மாலையில் காலி மேஜையைப் பார்த்தபோதுகூட அவர் தம்மை இவ்வளவு சின்னவராக உணர்ந்ததில்லை.

மாப்பிள்ளை மேல் திருகை இறுக மூடியே வைத்துக்கொண்டு, அடித் திருகைக் கழற்றிய கண நேரத்தில் பம்புக் குழாயைப் பொருத்தினார். பத்துச் சொட்டு சிந்தியது, அவ்வளவுதான். பிறகு மேல் திருகைத் திறந்துவிட்டு அழுத்த ஆரம்பித்தார். ஒரு பாட்டில் போயிற்று. மேல்துளை ‘புஸ் புஸ்’ என்று அடைபட்ட காற்றையெல்லாம் கக்கியது. இரண்டாவது பாட்டிலும் பெரும்பகுதி உள்ளே போனது. நுரை வந்தது, நுரை நின்றது, கடைசியில் தேன் நிறத்தில் சுத்தமான எண்ணெய் எட்டிப் பார்த்தது. முதலில் மேல் திருகு, பிறகு கீழ்த் திருகு, இரண்டுக்கும் புது வாஷர். துணியால் துடைத்துவிட்டு அவர் எழுந்தபோது மணி மூன்று ஐம்பது. கிரேன் உறுமிக்கொண்டு வந்தது.

மாமனார் மாப்பிள்ளையின் பக்கத்தில் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். நான்தான் சொன்னேன், தப்பு என்னுடையது. நாலு வார்த்தை. தொண்டைவரை வந்துவிட்டது.

“மாப்பிள்ளை, அது வந்து…”

“சொல்லுங்க மாமா.”

“அது வந்து… மேலேருந்து ஊத்தச் சொன்னது…”

கிரேனின் தூக்குப் பட்டை படகின் வயிற்றில் விழுந்தது. கொஞ்சம் கோணலாக விழுந்த மாதிரி அவருக்குத் தெரிந்தது. நாலு வார்த்தையும் அப்படியே தொண்டைக்குள் இறங்கிப் போய்விட்டது.

“ஏய்! வலது பக்கம்! வலது பக்கம் ஒரு சாண்!” என்று கையை வீசிக்கொண்டு கிரேனை நோக்கி ஓடினார்.

கிரேன்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் படகு பத்திரமாகத் தண்ணீரில் இறங்கியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏழு ஆசிரியைகள் ஏறினார்கள். டிரைவ் ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. துறைமேடையில் நம்மவர் நின்றுகொண்டிருந்தார். கடைசியாக ஏறிய தலைமையாசிரியையை நிறுத்தி, ‘தைரியமா போங்கம்மா. கியர் ஆயிலை எப்பவும் அடியிலிருந்துதான் ஏத்தணும். மாப்பிள்ளைக்கு முதல்ல தெரியலை, அப்புறம் நான் பார்த்துச் சொன்னேன்’ என்றார். மாப்பிள்ளை கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டார். ‘ஆமாங்க மாமா’ என்றார். படகு கிளம்பிப் போயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள்மேல் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது. அவர் மேலேயிருந்து ஊற்றச் சொன்ன இடத்தில், ‘ஐயையோ, அடியிலிருந்தல்லவா ஏற்ற வேண்டும்’ என்று உங்கள் மனம் பதறியதா இல்லையா? அரை மணி முன்புவரை உங்களுக்கு ஸ்டெர்ன் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். எந்தத் துளை, எந்தத் திருகு முதலில், எண்ணெய் வெளுத்தால் என்ன, கறுத்தால் என்ன என்று அத்தனையும் வாங்கிக்கொண்டுவிட்டீர்கள். என்றாவது ஒரு நாள் நீங்கள் ஒரு படகுப் பட்டறை வழியாகப் போவீர்கள். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிகச் சரியாக அடித்துளையில் பம்பைப் பொருத்திக்கொண்டிருப்பார். அவருக்கு நாலு மணிக்குக் கிரேன் வரும். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், நடையைக் குறைக்காமல், உங்களால் அந்த இடத்தைக் கடந்துபோக முடியுமா?

பார்த்தீர்களா, நின்றுவிட்டீர்கள்.